மூணாறு 2015: கூலி ஏறியது, கிலோவும் ஏறியது

2015 செப்டம்பர் முதல் வாரத்தில் கேரளத்தின் மூணாறு கண்ணன் தேவன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு மூணாறு டவுனுக்கு இறங்கினார்கள். அந்த ஆண்டு போனஸ் 10 சதவீதம்தான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. முந்தைய ஆண்டு கொடுத்தது 19. கம்பெனியின் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 13 அன்று, முதல்வர் உம்மன் சாண்டி தலையிட்டு 20 சதவீதத்துக்கு உடன்பாடு ஆனது. எந்தச் சங்கமும் கூப்பிட்டு வந்த கூட்டம் அல்ல அது. சொல்லப்போனால் சங்கங்களை ஒதுங்கி நிற்கச் சொன்ன கூட்டம். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற பெயர் அந்தச் சாலையில்தான் விழுந்தது.

இது பலருக்கும் தெரியும். அடுத்த ஒரு மாதத்தில் நடந்த கூலிப் பேச்சுவார்த்தையைப் பற்றித்தான் பேச்சு குறைவு. நாள் கூலி 232 ரூபாயை 500 ஆக்கு என்பது கோரிக்கை. கிடைத்தது 301. அந்த 301-க்குப் பக்கத்திலேயே இன்னோர் எண்ணும் ஒப்பந்தத்தில் ஏறியது: ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோ. செய்திகளில் முதல் எண் தலைப்பானது, இரண்டாவது எண் கடைசிப் பத்தியில் கிடந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் மூணாற்றில் என்ன கிடைத்தது, என்ன கைவிட்டுப் போனது என்று சொல்ல முடியாது.

யாருடைய கம்பெனி

மூணாறு தோட்டங்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பூஞ்சார் அரச குடும்பத்திடம் குத்தகைக்கு வாங்கிய காட்டில் எழுந்தவை. பிரிட்டிஷ் கம்பெனி, பிறகு டாடா–ஃபின்லே, பிறகு டாடா டீ என்று கைமாறின. வேலைக்கு வந்தவர்கள் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துத் தமிழர்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள். 2015-இல் சாலையில் உட்கார்ந்தவர்களில் பலர் மூன்றாம், நான்காம் தலைமுறை. தாத்தா பறித்த அதே மலையில் பேத்தியும் பறிக்கிறார், அதே மாதிரி லயத்தில், அதாவது கம்பெனி கொடுத்த வரிசை வீட்டில், குடியிருக்கிறார்.

2005-இல் டாடா டீ தோட்டத் தொழிலிலிருந்து விலகிக்கொள்ள, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி உருவானது. இதில் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்கள் கையில். கொழுந்து பறிப்பவரும் பங்குதாரர் என்று மேலாண்மை உலகம் இதை மெச்சிப் பேசியது. ஆனால் ஆயிரக்கணக்கான பேரிடம் சிதறிக் கிடக்கும் சிறு பங்குகளால் நிர்வாகக் குழுவின் முடிவைத் திருப்ப முடியாது. லாபம் விழுந்தது, அதனால் போனஸ் குறைகிறது என்று நிர்வாகம் சொன்னபோது, கம்பெனியின் 'உரிமையாளர்' ஒருத்திக்கு அதை மறுத்துச் சொல்ல இருந்த ஒரே இடம் நெடுஞ்சாலை. பங்கு வைத்திருப்பதும் பேச்சு எடுபடுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் தென்னிந்தியத் தோட்டத் தொழிலில் தேடினாலும் கிடைக்காது.

போனஸ் ஏன் தீப்பொறி ஆனது

நாள் கூலியில் பத்து ரூபாய் குறைத்திருந்தால் இவ்வளவு பெரிய கோபம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். போனஸ் வேறு. வருஷத்தில் ஒரே ஒரு முறை மொத்தமாகக் கைக்கு வரும் பணம் அது. வட்டிக்கு வாங்கியது, பிள்ளையின் ஹாஸ்டல் ஃபீஸ், அடகு வைத்த தோடு என எல்லாவற்றுக்கும் போனஸ் வந்ததும் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கும்.

அன்று நடப்பில் இருந்த 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது ஆண்டுக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நட்டம் என்றாலும் இதைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. உச்சவரம்பு 20 சதவீதம். 2015 செப்டம்பரில் நடைமுறையில் இருந்த சட்டம் மாதக் கூலி 10,000 ரூபாய் வரை எவ்வளவு ஆனாலும் 3,500 ரூபாயை வைத்துக் கணக்குப் போட்டால் போதும் என்றது. இந்த வரம்பு 7,000 ஆனது போராட்டம் முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான்.

இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கலாம். சட்டத்தின் 3,500 அடிப்படையில் ஆண்டுக்கு 42,000 ரூபாய். அதில் 19 சதவீதம் 7,980. 10 சதவீதம் 4,200. இழப்பு 3,780 ரூபாய். முழுக் கூலி அடிப்படையில், மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால், 232 × 26 × 12 = 72,384. அதில் 19 சதவீதம் 13,753. 10 சதவீதம் 7,238. இழப்பு 6,515 ரூபாய். நாள் கூலியால் வகுத்தால் முதல் கணக்கில் 16 நாள் உழைப்பு, இரண்டாவதில் 28 நாள் உழைப்பு. அறிவிப்புப் பலகையில் ஒற்றைச் சதவீதமாகத் தெரிந்தது, லயத்தில் அரை மாதம் முதல் ஒரு மாதம் வரை இனாமாகப் பார்த்த வேலையாகத் தெரிந்தது.

ஒன்பது நாள் எப்படி நின்றது

போராட்ட உத்தி என்று பார்த்தால் மூன்று காரியங்கள் கூர்மையாகச் செய்யப்பட்டன.

முதலாவது, ஆண்களை முன்வரிசைக்கு விடவில்லை. கணவன்மார்களும் தம்பிமார்களும் ஓரத்தில் நின்றார்கள். குடித்துவிட்டு வந்தான், கல்லெறிந்தான் என்று ஒரு வழக்குப் போட்டால் போராட்டம் அத்தோடு முடிந்தது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இன்னொரு பக்கம், சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் ஆண்கள். கொழுந்து பறிப்பில் பெரும்பான்மை பெண்கள். அவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டவர்களில் பெண்களைக் காண்பது அரிது.

இரண்டாவது, சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. என்ற, கட்சிகளைச் சார்ந்த மூன்று மைய சங்கங்களையும் ஒரே வரிசையில் வைத்து விலக்கினார்கள். தலைவர்கள் நிர்வாகத்தோடு சேர்ந்து சலுகை அனுபவிக்கிறார்கள், எங்கள் சந்தாவில் வளர்ந்து எங்களையே விற்கிறார்கள் என்பது நேரடிக் குற்றச்சாட்டு. மார்க்சிஸ்ட் கட்சியின் தேவிகுளம் எம்.எல்.ஏ. எஸ். ராஜேந்திரன் வந்தபோது திருப்பி அனுப்பினார்கள். அதே கட்சியின் வி.எஸ். அச்சுதானந்தன், அன்றைய எதிர்க்கட்சித் தலைவர், வந்தபோது உட்கார இடம் கொடுத்தார்கள். ஆக அவர்கள் விலக்கியது கட்சியை அல்ல, கூலி ஒப்பந்தங்களில் தங்கள் பெயரால் பேசி வந்த ஆட்களை.

மூன்றாவது, மறித்த இடம். கொழுந்து பறிக்காவிட்டால் கம்பெனிக்கு நட்டம்; அதைச் சில நாள் தாங்கிக்கொள்ளும். சுற்றுலாவை நம்பியிருக்கும் மூணாற்றில் சாலையை மறித்தால் ஹோட்டல், பஸ், டாக்சி என்று ஊரே நிற்கும். அரசு வந்தே ஆக வேண்டும். முழக்கங்களும் சுற்றி வளைக்கவில்லை. கொழுந்து கிள்ளுவது நாங்கள், கொள்ளை உங்களுக்கு; தமிழ் மீடியம் எங்களுக்கு, இங்கிலீஷ் மீடியம் உங்களுக்கு என்கிற பாணியில் போனது. கேட்டவருக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

கிடைத்த 20 சதவீதம் எப்படி எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை. கையில் வாங்கும்போது பணம் பணம்தான். ஆனால் 8.33-ஐ மட்டும்தான் சட்டப்படி உரிமை என்று அடுத்த ஆண்டு கேட்க முடியும். மீதி 11.67 நிர்வாகம் மனமுவந்து கொடுத்ததாகவே ஏட்டில் நிற்கும். நிர்வாகம் தோற்றது தொகையில், முன்னுதாரணத்தில் தோற்கவில்லை. அடுத்த ஆண்டு அதே சண்டையை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு நாள் கூலிக்குள் என்ன இருக்கிறது

232 ரூபாய் என்பதற்கு அளவுகோல் ஒன்று வேண்டும். அதே 2015-16-இல் கேரளத்தில் நூறு நாள் வேலைத் திட்டக் கூலி 229 ரூபாய். முப்பது வருஷம் பழகிய கைக்கும், சரிவில் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று செய்யும் எட்டு மணி நேர வேலைக்கும் கூடுதலாகக் கிடைத்தது மூன்று ரூபாய். கேரளத்தில் கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் ஆண்கள் வாங்கிய கூலி நாட்டிலேயே மிக உயர்ந்த வரிசையில் இருந்த காலம் அது. 500 என்ற கோரிக்கை பேராசை போலப் பேசப்பட்டதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வேலையின் அளவையும் பார்ப்போம். ஈரிலையும் மொட்டும் சேர்ந்த ஒரு துளிர் பொதுவாக ஒரு கிராம் தேறாது. கையால் கிள்ளினால் 21 கிலோவுக்கு 20,000 துளிருக்கு மேல் வேண்டும். எட்டு மணி நேரம் என்பது 28,800 நொடி. இதில் சரிவேறுவது, கூடையைக் கொட்டுவது, நிறுக்க வரிசையில் நிற்பது எல்லாம் அடக்கம். அதனால்தான் தோட்டங்கள் கொழுந்தை வெட்டும் கத்தரிக்கு மாறின. கத்தரியில் வேகம் கூடும். முற்றிய இலையும் காம்பும் சேர்ந்து வரும், தோள்பட்டையும் மணிக்கட்டும் போகும். கத்தரி வந்ததையே காரணம் காட்டி, இனி 25 கிலோ பறிக்க முடியும்தானே என்று கேட்பதும் எளிதாகிவிடும். கருவியால் கூடிய விளைச்சல் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்வி அங்கே கேட்கப்படுவதே இல்லை.

நிறுக்கும் இடம் இன்னொரு கதை. தேயிலைத் தோட்டங்களில் பொதுவாக நாளுக்கு இரண்டு மூன்று தடவை கொழுந்து நிறுக்கப்படும். ஒவ்வொரு தடவையும் சாக்கின் எடை கழியும். மழைநாளில் இலையில் ஒட்டிய நீருக்கு என்று ஒரு கழிவு. முற்றல் இலை என்று ஒரு கழிவு. சாக்கு அரைக் கிலோ இருக்க ஒரு கிலோவாகக் கழித்தால், மூன்று நிறுப்பில் ஒன்றரைக் கிலோ போச்சு. 21 கிலோ அளவில் அது ஏழு சதவீதம். எந்த ஒப்பந்தத்திலும் இந்த ஏழு சதவீதம் கூலிக்குறைப்பு என்று எழுதப்படாது. தராசுக்கு முன்னால் நிற்பவர் எடை முள்ளைப் பார்க்க முடிகிறதா, அட்டையில் அந்த இடத்திலேயே எழுதுகிறார்களா என்ற இரண்டு விஷயத்தில் அது முடிவாகிறது.

301-உம் 25-உம்

தோட்டக் கூலி கேரளத்தில் தோட்டத் தொழிலாளர் குழு என்ற முத்தரப்பு மேசையில் முடிவாகிறது. பி.எல்.சி. என்றே எல்லோரும் சொல்வார்கள். அரசு, முதலாளிகள் சங்கம், தொழிற்சங்கங்கள். முந்தைய ஒப்பந்தம் 2014 டிசம்பரோடு முடிந்திருந்தது. போனஸ் வெற்றிக்குப் பிறகு, செப்டம்பர் இறுதியில், பெண்கள் மறுபடி இறங்கினார்கள். இந்த முறை மைய சங்கங்களும் வேலைநிறுத்தம் அறிவித்தன. அக்டோபர் நடுவில் முடிவு வந்தது: தேயிலைக்கு 301, ஏலக்காய்க்கு 330, ரப்பருக்கு 381. ஏலக்காய்க் கூலியும் ரப்பர் கூலியும் மூணாற்றுப் பெண்கள் உட்கார்ந்ததால் உயர்ந்தவை. அந்தத் தோட்டங்களில் அவர்களுக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

பெம்பிளை ஒருமை அப்போது பதிவு பெற்ற சங்கம் அல்ல. ஆகவே மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. சாலையில் விலக்கி வைக்கப்பட்டவர்கள்தான் அறைக்குள் உட்கார்ந்து அவர்களுக்காகப் பேசினார்கள்.

இப்போது கணக்கு. 232-லிருந்து 301 என்பது 69 ரூபாய், கிட்டத்தட்ட 30 சதவீத உயர்வு. நல்ல உயர்வு போலத்தான் தெரியும். கிலோவுக்கு என்று போடுங்கள். முன்பு 232 ÷ 21 = 11.05 ரூபாய். பின்பு 301 ÷ 25 = 12.04 ரூபாய். உயர்வு 9 சதவீதம். நாள் கூலியில் 30, கிலோக் கூலியில் 9. இடையில் உள்ள 21 புள்ளியைக் கூடுதல் நான்கு கிலோ பறித்து அந்தப் பெண்ணே கொடுக்கிறார்.

அதோடு முடியவில்லை. அளவுக்கு மேல் பறிக்கும் கிலோவுக்குத் தனி ஊக்கத்தொகை உண்டு. அது அடிப்படைக் கிலோ விலையில் சிறு பங்குதான். 22, 23, 24, 25-ஆவது கிலோக்கள் முன்பு ஊக்கத்தொகை வாங்கின. இப்போது அடிப்படைக்குள் போய்விட்டன. ஊக்கத்தொகை கிலோவுக்கு ஒரு ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 40 கிலோ பறிக்கும் கைகாரிக்கு முன்பு 232 + 19 = 251; பின்பு 301 + 15 = 316. அவருக்கு 65 ரூபாய் கூடுகிறது. கிலோவுக்குப் பார்த்தால் 6.28 ரூபாயிலிருந்து 7.90. கவனிக்க வேண்டியது வேறு: முதல் 25 கிலோவில் கிலோவுக்கு 12 ரூபாய் பெறுமானம் இருந்த அதே கொழுந்து, 26-ஆவது கிலோவில் ஒரு ரூபாய் ஆகிவிடுகிறது. ஆலைக்குப் போனால் இரண்டுக்கும் ஒரே விலை. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பது சுமாரான விகிதம். அது 10-ஆவது கிலோவா 35-ஆவது கிலோவா என்று உலர்த்தும் இயந்திரத்துக்குத் தெரியாது.

அடி விழுவது எப்போது என்றால், கொழுந்து இல்லாத மாதங்களில். மழைக்குப் பிறகான பருவத்தில் 25 என்ன, 50 கிலோவும் வரும். ஜனவரி முதல் மார்ச் வரை பனியும் வறட்சியும், துளிர் வராது. அந்த மாதங்களில் 21-க்கே மூச்சு வாங்கும் இடத்தில் 25 என்றால், பழைய புதர் உள்ள பகுதியில் போடப்பட்டவரும், வயதான கையும், உடம்பு முடியாதவரும் முதலில் மாட்டுவார்கள். சராசரி கூலி உயர்வு என்று ஒரே எண்ணைச் சொல்லும்போது இவர்கள் அதற்குள் காணாமல் போகிறார்கள்.

போனஸில் வென்றதும் கூலியில் பாதி வழுக்கியதும் ஒரே பெண்கள்தான், துணிச்சல் குறைந்துவிடவில்லை. போனஸ் ஒற்றை எண், கொடுக்க வேண்டியது ஒரே கம்பெனி, தேதி நெருங்கிவிட்டது. 20 என்று கத்தினால் போதும், ஏமாற்ற இடமில்லை. கூலி அப்படி அல்ல. அது தொகை, அளவு, கழிவு, ஊக்கத்தொகை, அமலாகும் தேதி என்று ஐந்தாறு எண்களின் கட்டு. ஒன்றை உயர்த்தி இன்னொன்றை நகர்த்தலாம். முழக்கத்தில் 500 மட்டும் இருந்தது. 21 கிலோவைத் தொடாதே என்பது இருந்திருக்க வேண்டும். மேசையில் உட்காருபவருக்கு மட்டுமே இரண்டாவது எண் கண்ணில் படும்.

பிறகு

2015 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை போட்டியிட்டு தேவிகுளம் வட்டார ஊராட்சியில் ஓர் இடத்தையும் கிராம ஊராட்சிகளில் இரண்டு இடங்களையும் பிடித்தது. வட்டார ஊராட்சிக்கு வென்றவர் கோமதி, போராட்டத்தின் முன்வரிசை முகம். அதன்பின் கோமதிக்கும் இன்னொரு தலைவியான லிசி சன்னிக்கும் இடையே பிளவு, சிலர் பழைய சங்கங்களுக்கே திரும்பியது, வழக்குகள். ஒன்பது நாளில் கட்டிய ஒற்றுமைக்குச் சந்தாவோ அலுவலகமோ கணக்கு எழுத ஆளோ இல்லை. எதிரில் இருந்தவர்களிடம் மூன்றும் பல பத்தாண்டுகளாக இருந்தன.

வீடு இந்தக் கூலிக் கணக்கின் கடைசி வரி; ஆனால் மிகக் கனமான வரி. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் குழந்தைகள் காப்பகமும் முதலாளி தர வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். கூலிப் பேச்சில் முதலாளிகள் தரப்பு எடுத்து வைக்கும் முதல் சீட்டும் இதுவே: வீடு தருகிறோம், மருந்து தருகிறோம், அதையும் கூலியில் சேர்த்துப் பாருங்கள். ஆனால் லயம் வேலையோடு ஒட்டியது. 58 வயதில் ஓய்வு பெற்றால், குடும்பத்தில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லை என்றால், காலி செய்ய வேண்டும். அதனாலேயே மகளோ மருமகளோ படிப்பை விட்டுப் பெயர் கொடுக்கிறார்கள்.

301 ரூபாய்க் கூலியில் 30 வருஷம் வேலை செய்தவருக்குப் பணிக்கொடை எவ்வளவு? ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி, 4,515 ரூபாய். 30 ஆண்டுக்கு 1,35,450 ரூபாய். கூடவே வருங்கால வைப்புநிதி. இந்தத் தொகையில் இரண்டு மூன்று சென்ட் இடம் வாங்கி வீடு கட்டச் சொன்னால் இடுக்கியில் எங்கே முடியும்? நாள் கூலி குறைவு என்பது மாதச் செலவில் மட்டும் இடிப்பதில்லை. பணிக்கொடை, வைப்புநிதி, போனஸ் எல்லாம் அதிலிருந்து பெருக்கப்படுவதால் ஆயுள் முழுக்க ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போகிறது.

2020 ஆகஸ்ட் 6 இரவு அதே கம்பெனியின் பெட்டிமுடியில் மலைச்சரிவு லயங்களை அடித்துப் போனது. 70 பேர் இறந்தார்கள். எங்கே குடியிருக்க வேண்டும் என்று அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வேலை போட்ட இடத்தில் வீடு. முதல்வர் பினராயி விஜயன் பார்வையிட வந்தபோது நிலமும் வீடும் கேட்டு வழிமறித்த கோமதியைப் போலீஸ் அப்புறப்படுத்தியது. 2015-இல் முன்னுக்கு வராத கோரிக்கை அதுதான்: கூலியோடு சேர்த்து, வேலை போனாலும் போகாத ஒரு வீடு.

அடுத்த ஒப்பந்தம் எந்தத் தோட்டத்தில் வந்தாலும் வாசிக்க வேண்டிய வரிசை இது. முதலில் நாள் கூலியைக் குறைந்தபட்ச அளவால் வகுத்து, பழைய ஒப்பந்தத்தின் வகுத்தலோடு ஒப்பிட வேண்டும். அளவு எல்லா மாதத்துக்கும் ஒன்றா, பருவத்துக்கு ஏற்ப மாறுமா என்பது அடுத்தது. பிறகு ஊக்கத்தொகை அடிப்படைக் கிலோ விலையில் எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்று எழுத்தில் இல்லையென்றால் அதை எழுதச் சொல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. எந்தத் தேதியிலிருந்து அமல், நிலுவை உண்டா என்பது கடைசி. பழைய ஒப்பந்தம் காலாவதியான நாளுக்கும் புதியது அமலாகும் நாளுக்கும் நடுவே ஒன்பது பத்து மாதம் நழுவினால், 69 ரூபாய் உயர்வில் மாதம் 26 நாள் வீதம் ஒருவருக்கு 16,000 முதல் 18,000 ரூபாய் வரை போகும். 2015-இல் இத்தனை சண்டை போட்ட போனஸ் வித்தியாசத்தை முழுக் கூலி அடிப்படையில் வந்த 6,515 ரூபாயாக எடுத்துக்கொண்டாலும், அது கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு.